ஜாப்ஃபினோ: இரண்டு பெயர் எழுத ஏற்றது, மூன்றாவது வரிக்கு ஆகாது

ஆப்பிளின் மேக் கணினி வைத்திருக்கும் எல்லோரிடமும் ஜாப்ஃபினோ என்ற ஆங்கிலக் கையெழுத்து பாணி எழுத்துரு இருக்கிறது. அதனாலேயே டிசைனர்களுக்கு அதைக் கண்டால் ஒரு இளக்காரம். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள் என்பார்கள். நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். போன மாதம் நண்பர் ஒருவரின் அழைப்பிதழ் அட்டைக்கு இரண்டு பெயர்களை ஆங்கிலத்தில் அலங்காரமாக எழுதித் தர வேண்டியிருந்தது, ஏழெட்டு ஸ்கிரிப்ட் எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வேண்டாவெறுப்பாக இதைத் திறந்தேன். அதற்கப்புறம் வேறு எதையும் திறக்கவில்லை.

கையெழுத்து மாதிரி இருக்கும் எழுத்துருக்கள் பெரும்பாலும் எங்கே மாட்டிக்கொள்கின்றன என்றால், ஒரே எழுத்து இரண்டு முறை வரும் இடத்தில். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே நிற்கும், அங்கேயே வேஷம் கலைந்துவிடும். பேனா பிடித்து எழுதுகிறவர் ஒரே எழுத்தை இரண்டு தடவை அச்சு அசலாக எழுத மாட்டாரே. ஜாப்ஃபினோவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் இருக்கின்றன, பக்கத்தில் என்ன எழுத்து வருகிறது என்று பார்த்து எழுத்துருவே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் தட்டிக்கொண்டே போகும்போது, ஏற்கெனவே அடித்த எழுத்து கண்ணெதிரிலேயே வேறு உருவம் எடுக்கும். மேக்கில் அதன் பெயரையே ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே கூட்டெழுத்தாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது நான் அழித்து அழித்துத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன், வேலை அப்படியே கிடந்தது.

இதை வரைந்த ஹெர்மன் ஜாப்ஃப் சாதாரண ஆள் இல்லை. பலட்டினோ, ஆப்டிமா, அந்த நட்சத்திரமும் டிக் குறியும் நிறைந்த ஜாப்ஃப் டிங்பேட்ஸ், எல்லாம் அவர் கைவண்ணம்தான். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு வரைபடம் வரைந்துகொண்டிருந்தவர், 1944-இல் தன் நோட்டில் எழுதிப் பார்த்த ஒரு பக்கத்திலிருந்துதான் இந்த எழுத்துரு முளைத்தது. ஆனால் ஈய அச்சு எழுத்தில் இதைச் செய்வது பெரும்பாடு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டை, வாலைக் கட்டைக்கு வெளியே நீட்டினால் உடைந்துவிடும். கணினி வந்து, லினோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் இதை வெளியிட்டபோது வருடம் 1998, அவருக்கு எண்பது வயது. அரை நூற்றாண்டு காத்திருந்த வால் அது, கொஞ்சம் நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

விட்டுவிடலாம்தான், ஆனால் அந்த வால்தான் தலைவலியும். சிறிய எழுத்துகளின் உடம்பு ரொம்பக் குட்டி, கொம்பும் காலும் மட்டும் மேலும் கீழும் எங்கேயோ போகும். அதனால் இரண்டு வரி அடித்தால் நடுவில் ஒரு மைதானம் விழுகிறது. இடைவெளியைக் குறைத்தாலோ மேல்வரியின் வால் கீழ்வரியின் கழுத்தில் சுற்றிக்கொள்கிறது. பல மென்பொருள்களில் எழுத்துப் பெட்டியின் ஓரத்தில் சுழிகள் வெட்டுப்படும். எனக்கும் முதல் ப்ரூஃபில் 'ஒய்' எழுத்து காலில்லாமல் வந்தது, ஏற்றுமதி செய்துவிட்டு ஒருமுறை பெரிதாக்கிப் பார்க்காதது என் சோம்பேறித்தனம். எழுத்தை அவுட்லைனாக, அதாவது தட்டித் திருத்த முடியாத வெறும் கோட்டுப் படமாக, மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு முன்னால் மட்டும் ஸ்பெல்லிங்கை இரண்டு பேரிடம் காட்டிவிடுங்கள், அப்புறம் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டும் என்றாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். (ஆமாம், ஆரம்பித்தேன்.)

முழுக்கப் பெரிய எழுத்தில் எதையும் அடித்துவிடாதீர்கள், முள்வேலி மாதிரி இருக்கும், ஒரு எழுத்தும் புரியாது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டவும் கூடாது. அப்படிக் கூட்டினால் பல மென்பொருள்கள் கூட்டெழுத்துகளைப் பிரித்துவிடும், எந்த அழகுக்காக இதை எடுத்தோமோ அதுவே போய்விடும். தானாக வரும் வடிவம் பிடிக்கவில்லை என்றால் எழுத்துரு அமைப்புகளுக்குள் போய் வேறு வடிவத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். என் அட்டையில் கடைசி எழுத்தின் வால் வலப்பக்கம் ஓரத்தை முட்டிக்கொண்டிருந்தது, அடக்கமான இன்னொரு வடிவத்தை எடுத்து வைத்ததும் அடங்கிவிட்டது. இந்த ஒரு வேலைக்கே ஒரு மணி நேரம் போனது, ஆனால் அது சுகமான ஒரு மணி நேரம்.

மெல்லிய கோடுகள் ரொம்பவே மெல்லியவை. சின்ன அளவில், அதுவும் அடர்நிறத் தாளில் வெள்ளையாக வந்தால், மை கசிந்து கோடு காணாமல் போகும். அதற்கு 2003-இல் வந்த ஜாப்ஃபினோ எக்ஸ்ட்ராவைப் பார்க்கலாம், எழுத்துரு வடிவமைப்பாளர் அகிரா கோபயாஷியோடு சேர்ந்து ஜாப்ஃப் திருத்தியமைத்த பதிப்பு அது. அதில் ஃபோர்ட்டே என்று தடித்த வடிவம் ஒன்று உண்டு. ஆனால் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், இரண்டு பெயருக்காக நான் வாங்கவில்லை.

தமிழ் எழுத்துகள் இதில் கிடையாது. அட்டையின் மற்ற விவரங்களுக்கு அலங்காரமே இல்லாத, நேராக நிற்கிற ஒரு எழுத்துருவைச் சின்ன அளவில் போட்டு, பெயர்களுக்கு மேலும் கீழும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வெற்றிடம் விட்டேன். "இவ்வளவு காலியா இருக்கே, ஓரத்துல ஒரு பூ போடலாமா?" என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.