குழந்தைக்குத் திட்டமிடும்போது முதலில் லேபா, டாக்டரா?

குழந்தைக்குத் தயாராகிறவர்களில் பலர் முதலில் போவது லேபுக்குத்தான். ரிப்போர்ட்டுகளோடு போனால் டாக்டருக்கு வசதி என்று நினைத்து நானும் ஒரு பேக்கேஜ் எடுத்தேன். இப்போது தங்கை கேட்டபோது, முதலில் டாக்டரைப் பார் என்றேன்.

ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த வகை எல்லாம் தேவைதான். ஆனால் பேக்கேஜில் டார்ச் என்ற தொற்றுநோய்ப் பரிசோதனைத் தொகுப்பும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் பரிசோதனையும் சேர்ந்தே வந்தன. டார்ச் முழுவதும் எல்லோருக்கும் வேண்டாம். அதில் ரூபெல்லாவுக்கு (ஜெர்மன் தட்டம்மைக்கு) எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கழித்து முயற்சி செய்யலாம். ஏஎம்ஹெச் கருமுட்டை இருப்பைக் காட்டுமே தவிர, இயல்பாகக் கரு தங்குமா என்பதைச் சொல்லாது. எனக்கு அந்த எண் குறைவாக வந்து, டாக்டரைப் பார்க்கும்வரை நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை.

டாக்டரோ அதை ஓரமாக வைத்துவிட்டு, சொந்தத்தில் கல்யாணமா, ஏற்கெனவே கரு கலைந்ததா, தினமும் என்ன மாத்திரை என்று கேட்டார். லேபில் யாரும் இதைக் கேட்கவில்லை. வலிப்புக்கான வால்புரோயேட் கருவைப் பாதிக்கும். நாமாக நிறுத்தினாலும் ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும். பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவுக்குப் பரிசோதனை வேண்டுமா என்பதும் குடும்ப விவரம் கேட்ட பிறகுதான் தெரியும். ஃபோலிக் ஆசிட் அளவும் அப்படித்தான். பொதுவாகத் தினம் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து. முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூடாதது) இருந்திருந்தால் 5 மில்லிகிராம். கரு உருவான 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பலருக்கு அது முடிந்திருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா? அடிப்படைப் பரிசோதனைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியே போதும், செலவில்லை. கூட்டத்தில் நிதானமாகப் பேச நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் கடைசி மூன்று மாத மாதவிடாய்த் தேதி, மாத்திரைப் பெயர்கள், பழைய ஆபரேஷன் விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாதவிடாய் சீராக இருந்து வேறு பிரச்சினையும் இல்லையென்றால், குழந்தையின்மை சிகிச்சை மையத்துக்கு அவசரப்பட வேண்டாம். 35 வயதுக்குள் ஒரு வருடம், அதற்கு மேல் ஆறு மாதம் முயற்சி செய்து பார்த்த பிறகு போகலாம்.

அப்புறம், கணவரையும் கூட்டிப் போங்கள். விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாதம் ஆகும். சிகரெட்டையும் குடியையும் அவர் இப்போதே விட வேண்டும் என்பதை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.