காப்பகமா, கருத்தடை செய்து லயத்திலேயே விடுவதா?

எங்கள் தோட்டத்தில் கட்டாக்காலி நாய்களை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது இரண்டு யோசனைகள் வந்தன. சும்மா கிடக்கும் பழைய ஸ்டோரைத் திருத்திக் காப்பகமாக்கலாம் என்றார்கள் சிலர். பிடித்து, கருத்தடை செய்து, விசர்நாய்க்கடி தடுப்பூசி போட்டு, எந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் எந்த வரிசை வீடுகளில், பிடித்தோமோ அங்கேயே விடலாம் என்றோம் நாங்கள். முடிவில் அதைத்தான் செய்தோம். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் யார் கேட்டாலும் அதையே சொல்வேன். கொன்றுவிடும் பேச்சுக்கே இடமில்லை; 2006 முதல் நாய்களைக் கொல்லாமலிருப்பதே இலங்கை அரசின் கொள்கை.

காப்பகம் இருந்தால் பாதையில் கடி குறையும், பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போவார்கள், நாயைத் தேடிச் சிறுத்தை லயத்துப் பக்கம் வருவதும் குறையலாம். சோற்றுச் செலவு, ஆள் சம்பளம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்களை மறித்தது ஈரம்.

மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் இங்கே துவைத்த போர்வையே காய்வதில்லை. சீமெந்துத் தரை எப்படிக் காயும்? குட்டிகளை வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வாரிக்கொண்டு போகும் பார்வோ வைரஸ் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினி பலவற்றுக்கு அது அசையாது. கழிவை முழுக்க வழித்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பிறகு வெளுப்புத் திரவத்தை 1க்கு 30 தண்ணீரில் கலந்து ஊற்றி, 10 நிமிடமாவது விடவேண்டும். அழுக்கு மிஞ்சினால் மருந்து வேலை செய்யாது. அதைக் கழுவி, தரையையும் காயவைக்கவேண்டும். இதை மழையிலும் மூடுபனியிலும் தினமும், கூண்டு கூண்டாக யார் செய்வது? ஒரு வாளி, ஒரு சோடிச் செருப்பு போதும், நோய் அடுத்த கூண்டுக்குப் போய்விடும். புதிதாக வரும் நாயை இரண்டு கிழமையாவது தனியே வைக்கவும் இடம் வேண்டும்.

லயத்தில் விட்ட நாய்க்கு இந்த நெருக்கம் இல்லை. சோறு போட ஒரு வீடு இருக்கும். அது தன் இடத்தைக் காப்பதால் வெளி நாய் சுலபமாக வந்து சேராது. விசர்நாய்க்கடியை நிறுத்த நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டிருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு; கொஞ்ச நாய்களை அடைத்து வைப்பதால் அது நடக்காது. காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று அடையாளம். ஊசியைத்தான் வருடா வருடம் மறக்கக்கூடாது.

இதிலும் மழை குறுக்கே வரும். பெட்டைக்குத் தையல் ஆறும்வரை, 10 நாளளவு, ஈரம் படக்கூடாது. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை செய்வது நல்லது. எங்கள் லயத்தில் ஒரு அக்கா இஸ்தோப்பில் சாக்கு விரித்து, நாய் தையலை நக்காமல் பழைய சட்டையொன்றை மாட்டிவிட்டிருந்தார். "காயட்டும் தம்பி, அதுக்குப் பிறகு அவுத்து விடுறேன்" என்றார்.

பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் இருக்கும். அங்கே காப்பகத் தரை காயலாம். நான் அங்கே வேலை செய்ததில்லை. பூனைகளிலும் என் அனுபவம் குறைவு. நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடியவை என்பதால் அவற்றுக்கும் கருத்தடையைப் பிந்தவிடக்கூடாது என்று மட்டும் சொல்வேன்.

பஸ்ஸில் அடிபட்டதையும் தாயில்லாக் குட்டிகளையும் லயத்தில் விட முடியாது. அவற்றுக்கு இரண்டு அறையளவில், வெயில் விழும் பக்கமாக, ஒரு சின்ன இடம் வேண்டும்.