ஸானத்தார்ஸ் கைடு: டிஎம் வாங்கலாம், ஆடுபவர் யோசிக்கலாம்

குழுவுக்கு ஒரு பிரதி போதும். அதுவும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தையும் கதையையும் நடத்துபவர்) கையில் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியிலோ, பூட்டிக் கிடக்கும் டியூஷன் சென்டரிலோ நாலைந்து பேர் கூடி, பகடை உருட்டிச் சாகசக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மதுரைக் குழுக்களில், அடிப்படைப் புத்தகத்துக்கு அடுத்து எதை வாங்குவது என்ற பேச்சு வந்தால் முதலில் அடிபடும் பெயர் 'ஸானத்தார்ஸ் கைடு டு எவ்ரிதிங்'. அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்காக 2017 நவம்பரில் வந்தது. 192 பக்கம், கெட்டி அட்டை, அச்சிட்ட விலை 49.95 டாலர். நம்மூரில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது விற்பவரைப் பொறுத்தது. எப்படியும் ஆளுக்கொன்று வாங்கும் விலை இல்லை. இது துணைப் புத்தகம், இதை மட்டும் வைத்துக்கொண்டு ஆட முடியாது.

வாங்குவதற்கு முன் உங்கள் குழு ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஆடுகிறதா, திருத்திய 2024 விதிகளில் ஆடுகிறதா என்று பாருங்கள். முதல் அத்தியாயத்தின் மதிப்பு அதை வைத்துத்தான் ஏறும், இறங்கும். அதில் 31 சப்கிளாஸ்கள் (கிளாஸ் எனப்படும் கதாபாத்திரத் தொழிலின் உட்பிரிவுகள்) உண்டு. 2014 விதிக்காரர்களுக்கு அத்தனையும் சரக்குதான். 2024-இன் அடிப்படைப் புத்தகமான புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வைத்திருப்பவர்களுக்கோ ஸீலட், கிளாமர், க்ளூம் ஸ்டாக்கர், செலஸ்டியல் ஆகிய நான்கும் திருத்திய வடிவில் அதிலேயே வந்துவிட்டன. ஆடுபவர்கள் பெரிதும் தேடுகிற நான்கு அவை.

மிச்சம் 27. இவற்றில் எது ஒட்டும், எது உரசும் என்பது கிளாஸைப் பொறுத்தது. போர்வீரரான ஃபைட்டரின் வகைகள் தொல்லையே தராது. பழைய விதியிலும் புதிய விதியிலும் 3, 7, 10, 15, 18 என்று அதே லெவல்களில்தான் சப்கிளாஸ் சக்திகள் வருகின்றன. கவலியரையும் சாமுராயையும் அப்படியே கேரக்டர் ஷீட்டில் ஏற்றலாம். பூசாரியான கிளெரிக் அப்படியில்லை. ஃபோர்ஜ், கிரேவ் இரண்டும் முதல் லெவலிலேயே சக்தி கொடுக்கும். புதிய விதியில் அதை மூன்றாம் லெவலுக்குத் தள்ள வேண்டும். எட்டாம் லெவலில் வரும் கூடுதல் தாக்குதல் சக்தியைப் புதிய கிளெரிக் ஏழாம் லெவலிலேயே வாங்கிவிடுகிறார். இரண்டையும் சேர்த்து உருட்டக் கூடாது, ஒன்றுதான் செல்லும். இதைக் கவனிக்காமல் விட்டால் கிளெரிக் மட்டும் தனியாக வீங்கிப்போவார்.

வார்லாக் என்ற மந்திரவாதி கிளாஸின் சப்கிளாஸான ஹெக்ஸ்பிளேட் என்றாலே பழைய குழுக்களில் சண்டை வரும். வார்லாக்கில் ஒரே ஒரு லெவல் எடுத்தால் போதும்: வாள் வீச்சைக் கரிஸ்மாவில் (ஆளுமைக் கவர்ச்சிக்கான எண்) உருட்டலாம், நடுத்தரக் கவசமும் கேடயமும் கூடவே வரும். புனித வீரரான பாலடினுக்கு இது லட்டு. ஸ்ட்ரென்த்தைக் கவனிக்காமல் ஒரே எண்ணை ஏற்றிக்கொண்டு போகலாம். 2024 விதியில் சப்கிளாஸுக்கு மூன்று லெவல் செலவாகும்; ஆனால் கரிஸ்மாவில் வாள் வீசும் வசதியை 'பேக்ட் ஆஃப் த பிளேட்' வழியாக எந்த வார்லாக்கும் முதல் லெவலிலேயே வாங்கலாம் என்பதால் குறுக்குவழி முழுதாக அடைபடவில்லை. 2014-இல் ஆடுபவர்கள் கேம்பெயின் தொடங்கும் முன்பே அனுமதி உண்டா இல்லையா என்று பேசி முடித்துவிடுவது நல்லது.

ஃபைட்டரின் இன்னொரு வகையான ஆர்கேன் ஆர்ச்சர் படத்தில் அழகு, மேசையில் சோப்ளாங்கி. மந்திர அம்பு ஓய்வுக்கு ஓய்வு இரண்டே முறைதான்; லெவல் ஏறினாலும் அந்த எண்ணிக்கை ஏறாது. மூன்று சண்டை தொடர்ந்து வரும் செஷனில் இரண்டாவது சண்டையிலேயே சாதாரண வில்லாளி ஆகிவிடுவார்.

ஸ்பெல்கள் (மந்திரங்கள்) 90-க்கு மேல். அவற்றில் ஒன்றை மட்டும் டிஎம் வரிவரியாகப் படிக்க வேண்டும்: ஹீலிங் ஸ்பிரிட். முதல் அச்சில் உள்ளபடி, அந்த ஆவி நிற்கும் கட்டத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆறுமுகப் பகடை அளவு உயிர்ப்புள்ளி கிடைக்கும். நீடிப்பு ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று. சண்டை முடிந்ததும் ஐந்து பேர் வரிசை கட்டி உள்ளே போய் வெளியே வந்தால் 50 பகடை, சராசரி 175 புள்ளி. இரண்டாம் லெவல் ஸ்பெல்லுக்கு இது கொள்ளை. பின்னால் வந்த திருத்தத்தில், ஒன்றுடன் ஸ்பெல் திறன் மாடிஃபையரை (மந்திரம் போடுபவரின் திறனுக்குரிய கூட்டெண்) கூட்டினால் வரும் தடவைதான் குணப்படுத்தும் என்று கட்டினார்கள். மாடிஃபையர் 4 என்றால் ஐந்து முறை, சராசரி 17 அல்லது 18. பழைய பிரதி வாங்கினால் அந்தப் பக்கத்தில் பென்சிலால் திருத்தத்தை எழுதி வையுங்கள்.

காசு கொடுப்பது டிஎம்முக்கான இரண்டாம் அத்தியாயத்துக்குத்தான்.

முதலில் கருவிகள். அடிப்படைப் புத்தகத்தில் 'வீவர்ஸ் டூல்ஸ்' என்று பெயரோடு நின்றுபோகிற பொருளுக்கு இங்கே வேலை கிடைக்கிறது. பெட்டிக்குள் என்னென்ன இருக்கும், எந்தத் திறமையோடு சேர்த்தால் உதவும், எந்த வேலைக்கு எத்தனை டிசி (உருட்டி எட்ட வேண்டிய எண்) என்று ஒவ்வொரு கருவிக்கும் எழுதியிருக்கிறார்கள். துணியில் விழுந்த ஓட்டையைத் தைக்க 10. சமையல் பாத்திரம் வைத்திருப்பவர் சிறு ஓய்வில் சமைத்துப் போட்டால், அவரும் மற்ற ஐந்து பேரும் உயிர்ப்புள்ளியை மீட்கச் செலவழிக்கும் ஒவ்வொரு பகடைக்கும் (ஹிட் டைஸ்) ஒரு புள்ளி கூடுதல். சுங்குடிக்காரர் மகளாகவோ, பரோட்டா மாஸ்டராகவோ கதாபாத்திரம் உருவாக்குகிற நம்மூர் ஆட்டக்காரருக்கு, அந்தத் தொழில் வெறும் அலங்காரமாகப் போகாமல் ஆட்டத்தில் பயன்படுவது இந்தப் பக்கங்களால்தான்.

அடுத்தது இரண்டு சாகசங்களுக்கு நடுவே உள்ள நாட்கள். ஐந்தாம் பதிப்பில் சாகசக் குழு சேர்க்கும் பொற்காசுக்குச் செலவே இல்லை என்பது பழைய குறை. இங்கே மந்திரப் பொருள் தேடி வாங்க வழி உண்டு: குறைந்தது ஒரு வேலைவாரம், 100 பொற்காசு, ஒரு பெர்சுவேஷன் (பேசி இணங்க வைக்கும் திறன்) உருட்டல். கூடுதல் வாரத்துக்கும் கூடுதல் நூறுக்கும் ஒவ்வொரு புள்ளி ஏறும், உச்சம் 10. வருகிற எண்ணைப் பொறுத்து எந்தப் பட்டியலிலிருந்து பொருள் என்று தீரும். கேட்டது கிடைக்கும் என்று உறுதியில்லை, கிடைத்ததை வாங்க வேண்டும். பேரம் பேசிப் பழகிய ஊருக்கு இது சரியான விதி. நாளங்காடி, அல்லங்காடி என்று பகலும் இரவும் கடை விரிக்கும் பழைய மதுரையைக் களமாக வைப்பவர்கள் மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம்.

மந்திரப் பொருளை நாமே செய்துகொள்வதற்கும் கணக்கு தெளிவு; பொருள் எவ்வளவு அரிதோ அவ்வளவு செலவு. அன்காமன் பொருளுக்கு 2 வாரம், 200 காசு. ரேர் என்றால் 10 வாரம், 2,000. லெஜண்டரிக்கு 50 வாரம், ஒரு லட்சம். வாரம் என்பது ஐந்து நாள். 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடும் இதே கணக்கைத்தான் நாட்களாக எழுதியிருக்கிறது. அதற்காக மட்டும் இதை வாங்க வேண்டாம். ஆனால் இங்கே பொருளோடு ஓர் அரிய மூலப்பொருளும் தேவை, அதைக் காக்கும் அரக்கனின் பலமும் பட்டியலில் இருக்கிறது. ரேர் பொருள் என்றால் அந்தப் பல அளவு (சேலஞ்ச் ரேட்டிங்) 9 முதல் 12. யானைமலைக் குகையில் ஒன்றைக் குடியேற்றினால் அடுத்த செஷன் தயார். வேலையில் சிக்கல் வர ஐந்து வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீத வாய்ப்பு. போட்டியாளர் ஒருவரை உருவாக்கிவிட்டால் அந்தச் சிக்கலே கதையை ஓட்டும்.

சிக்கலான பொறிகளையும் விட்டுவிடக் கூடாது. கதவைத் திறந்தால் ஓர் ஊசி, ஒரு உருட்டல், முடிந்தது கதை என்கிற சலிப்பு இதில் இல்லை. பொறிக்கே இனிஷியேட்டிவ் (சண்டையில் முறை வரும் வரிசை) உண்டு, சுற்றுக்குச் சுற்று வேகம் கூடும். ஒருவர் தூணைத் தடுக்க, ஒருவர் மந்திரக் குறியை அழிக்க, இன்னொருவர் பொறிமுறையைக் கழற்ற வேண்டும். மூன்று மாதிரிகள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை ஆடிப் பார்த்தால் நீங்களே எழுதக் கற்றுவிடலாம்.

வழியில் எதிர்ப்படுவோர் பட்டியல்கள் ஏறக்குறைய 20 பக்கம். பனிப்பிரதேசம், கடலடி, பாதாளம் எல்லாம் உண்டு. வைகைக் கரையில் கதை நடத்துபவருக்கு நகரம், குன்று, புல்வெளி மூன்றும்தான் உதவும். அரக்கர்களின் விவரம் தரும் மான்ஸ்டர் மேனுவல் கையில் இல்லாவிட்டால் அவையும் வெறும் பெயர்கள். கடைசியில் கதாபாத்திரப் பெயர்ப் பட்டியல்கள் 17 பக்கத்தை விழுங்குகின்றன. 'இந்தியப் பெயர்கள்' என்று தலைப்பிட்டதில் வடக்கு வாடைதான் அதிகம். நம் பெயர்களுக்கு வாக்காளர் பட்டியலே மேல். சின்ன மந்திரப் பொருள்களில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: நினைத்த நேரத்தில் படபடவென்று பறக்கும் மேலங்கி. வேறு பலன் ஒன்றுமில்லை, ரஜினி நடைக்கு மட்டும். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

இப்போதுதான் ஆரம்பிக்கிற குழு பணத்தைக் கையிலேயே வைத்திருக்கட்டும். எஸ்ஆர்டி என்ற அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம், 5.1 பதிப்பு 2023-இலும் 5.2 பதிப்பு 2025-இலும் வந்தன. கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ் அதிலேயே இருக்கிறது. ஐந்தாறு லெவல் ஆடிய பிறகு, காசு குவிந்து செலவழிக்க வழி தெரியாமல் ஆட்டக்காரர்கள் முழிக்கும்போது இந்தப் புத்தகத்துக்கு வேளை வரும்.

ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். இந்த வரிசைப் புத்தகங்களுக்குக் கள்ளப் பதிப்புகள் நடமாடுகின்றன. பார்சலைப் பிரித்ததும் பட்டியல்களின் சிறிய எழுத்தையும், ஓரங்களில் புத்தகப் பெயரில் உள்ள ஸானத்தார் என்ற அரக்கன் எழுதியதாக வரும் குறும்புக் குறிப்புகளையும் பாருங்கள். மசமசவென்று இருந்தாலோ, படங்களில் நிறம் வெளிறியிருந்தாலோ நகல்தான். அட்டையை முழுதாக விரித்து முதுகுப் பசை விடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.