கிருஷ்ணகிரில டீன்ஏஜ் பிள்ளைங்களுக்கு சைக்காலஜிஸ்ட் கிளினிக்: ஒரு அம்மாவோட ரிவ்யூ (கைரேகை டெஸ்ட் பத்தியும்)

பொண்ணு விஷயம்ங்கறதால கிளினிக் பேரையும் மேடம் பேரையும் இங்க போடல, தப்பா நினைக்காதீங்க. நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வளர்ற பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு எங்க போறது யாரைப் பாக்கறதுன்னு தெரியாம இருக்கற பெத்தவங்க நிறைய பேர், அவங்களுக்காகத்தான் எழுதறேன். இது கிருஷ்ணகிரி டவுன்ல ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கிளினிக், என் மார்க் 5க்கு 4. அதுக்கு முன்னாடி டியூஷன் சென்டர்ல எடுத்த கைரேகை டெஸ்டுக்கு 5க்கு 0.

நாங்க காவேரிப்பட்டணம் பக்கம். பொண்ணு ஒன்பதாவது. சின்னதுல இருந்தே அமைதி, சொந்தக்காரங்க வந்தா அடுப்படில போய் நின்னுக்குவா, ஆனா என்கிட்டயும் தம்பிகிட்டயும் வாய் ஓயாது. போன வருஷக் கடைசில இருந்து அந்தப் பேச்சும் நின்னுபோச்சு. காலையில யூனிஃபார்ம் போட்டதும் வயித்துவலி, ஸ்கூல் லீவுன்னா வலி இல்ல, களியும் கொள்ளுக்குழம்பும்னா ரெண்டாவது உருண்டை கேக்கறவ தட்டைத் தள்ளி வெச்சிட்டு எந்திரிச்சிடுவா, தம்பி பேனாவை எடுத்தாக்கூட அடி. ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. மாமியார் "அவ சுபாவமே அப்படித்தான்மா, வயசுப் பிள்ளை, போகப்போக சரியாயிடும்"னாங்க. நாத்தனார் "எல்லாம் திமிரு அண்ணி, ரெண்டு போடுங்க"ன்னா.

இந்த நேரத்துலதான் டியூஷன்ல டிஎம்ஐடின்னு, கைரேகையை வெச்சு குணம், திறமை எல்லாம் சொல்ற டெஸ்டுக்கு ஒரு கேம்ப். எங்க கொழுந்தனார் ஆசையா 4000 ரூபா கட்டினார். பத்து விரலையும் ஸ்கேன் பண்ணி, உள்ளங்கைல ஒரு கோணம் அளந்து, கலர் கலரா தடிமனா ஒரு ரிப்போர்ட். பொண்ணு 'ஆந்தை' டைப்பாம் (கழுகு, மயில், புறா, ஆந்தைன்னு நாலு வெச்சிருக்காங்க), இடது மூளை இத்தனை பர்சன்ட், வலது மூளை இத்தனை பர்சன்ட், என்ன வேலைக்குப் போகலாம்னு ஒரு நீள லிஸ்ட். வயித்துவலிக்கும் அழுகைக்கும் அதுல ஒரு வரி கிடையாது. கேட்டதுக்கு "அது பிறவி குணம் மேடம், மாத்த முடியாது"ன்னு சொல்லி இன்னொரு பேக்கேஜ் எடுக்கச் சொன்னாங்க. கைரேகை குழந்தை வயித்துல இருக்கறப்பவே, அஞ்சாம் மாசத்துக்குள்ள உருவாகி முடிஞ்சிடுது, அதுக்கப்புறம் மாறவே மாறாது. அப்புறம் ஒன்பதாவது படிக்கறவளுக்கு போன வருஷம் வந்த கஷ்டம் அதுல எப்படிங்க தெரியும்? இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2019லயே இந்த டெஸ்டுக்கு அறிவியல் ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க, இருந்தும் இன்னும் கேம்ப் போட்டு வசூல் பண்றாங்க, மனசு கொதிக்குது.

ஒரு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல கதவை சாத்திக்கிட்டு அழுதுட்டே இருந்தா. அப்ப 14416க்கு போன் போட்டேன். டெலி மானஸ்னு மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்ச மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். எதிர்ல பேசினவங்க பொறுமையா கேட்டுட்டு, "நேர்ல ஒருத்தரைப் பாருங்கம்மா, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலயும் பாக்கலாம்"னு சொன்னாங்க. எங்களுக்கு ஸ்கூல் விட்டப்புறம் சாயங்காலம் போற மாதிரி வேணும்ங்கறதால இந்த கிளினிக்.

உள்ள போனதும் கையில குடுத்தது ஒரு ஃபார்ம், 25 கேள்வி. எஸ்டிக்யூன்னு பேராம், இங்கிலாந்துல ராபர்ட் குட்மேன்னு ஒரு மனநல டாக்டர் 1997ல வெளியிட்டது, தமிழ்லயே இருக்கு. போன ஆறு மாசத்தை மனசுல வெச்சு ஒவ்வொண்ணுக்கும் உண்மை இல்ல, ஓரளவு உண்மை, நிச்சயமா உண்மைன்னு மூணுல ஒண்ணை டிக் பண்ணணும். எனக்கு ஒண்ணு, கவர்ல போட்டு கிளாஸ் டீச்சருக்கு ஒண்ணு, பதினொரு வயசுக்கு மேலன்னா பிள்ளையே நிரப்ப தனியா ஒண்ணு. மனக்கவலை, நடத்தை, துறுதுறுப்பும் கவனமும், கூட்டாளிங்களோட பழக்கம், அடுத்தவங்களுக்கு உதவற குணம்னு அஞ்சு பகுதி, ஒவ்வொண்ணுலயும் அஞ்சு கேள்வி. அடிக்கடி தலைவலி வயித்துவலின்னு சொல்றதும் அதுல ஒரு கேள்வியா இருந்ததைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, நம்ம வீட்ல நடக்கறதை யாரோ முன்னாடியே எழுதி வெச்ச மாதிரி.

மேடம் என் ஃபார்மையும் பொண்ணு ஃபார்மையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. மத்த பிள்ளைங்க கேலி பண்றாங்களா, வம்பிழுக்கறாங்களாங்கற கேள்விக்கு என் டிக் 'உண்மை இல்ல'. அவளோடது 'நிச்சயமா உண்மை', பேனாவை அழுத்தி பேப்பரே கிழிஞ்சிருந்தது. "இப்படி பதில் மாறி வர்ற இடம்தான் எங்களுக்கு முக்கியம்மா, ஸ்கூல்ல நடக்கறது வீட்டுக்கு எப்படி தெரியும்"னாங்க. கூடவே இந்த ஃபார்மை வெச்சு வியாதின்னு முடிவு பண்ண முடியாது, எங்க தோண்டணும்னு மட்டும்தான் காட்டும்னும் தெளிவா சொன்னாங்க. இதை ஒளிவு மறைவில்லாம சொன்னதுக்கே நான் ஒரு மார்க் கூட போடுவேன்.

எனக்கு இருந்த பெரிய கேள்வி, இது அவ குணமா இல்ல பிரச்சினையா? மேடம் ரொம்ப நேரம் பேசினாங்க. அமைதியா இருக்கறது குணம், அதுக்கு வைத்தியமே வேண்டாம். சில பிள்ளைங்க பிறவிலயே சட்டுனு கவலைப்படற, மனசு வாடிப்போற ரகம், அவங்களுக்கு பதட்டம், மனச்சோர்வு வர வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். பொறுப்பும் விட்டுக்குடுக்கற குணமும் கம்மியா இருக்கறவங்க சண்டை, பொய், ரூல்ஸ் மீறறதுன்னு போக வாய்ப்பு அதிகம். ஆனா வாய்ப்புன்னுதான் சொல்லணும், தலையெழுத்துன்னு சொல்லக்கூடாதுன்னாங்க, வீடு, ஸ்கூல், கூட்டாளி, தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகுது. பத்துல இருந்து பதினாலு பதினஞ்சு வயசு வரைக்கும் பொறுப்பும் விட்டுக்குடுக்கற குணமும் கொஞ்சம் சரியறது நிறைய பிள்ளைங்ககிட்ட பாக்கறதுதானாம், பெரியவங்க ஆக ஆக திரும்ப ஏறுமாம், அதனால இந்த வயசுல பாத்துட்டு இவ இப்படித்தான்னு முத்திரை குத்தக்கூடாது. பாக்க வேண்டியது மாற்றத்தை: பேசிட்டிருந்தவ பேச்சை நிறுத்தினா, சாப்பாடு தூக்கம் மாறினா, அது வாரக்கணக்குல நீடிச்சா, படிப்பையும் பழக்கத்தையும் பாதிச்சா. 10ல இருந்து 19 வயசுக்குள்ள ஏழுல ஒருத்தருக்கு ஏதாவது மனநலப் பிரச்சினை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதாம், நம்ம தெருவுலயே எத்தனை பிள்ளைங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் எங்களை வெளிய உக்கார வெச்சிட்டு அவகிட்ட தனியா பேசினாங்க. செத்துப்போகலாம்னு தோணிருக்கா, உடம்புல காயம் பண்ணிக்கிட்டியான்னு நேரடியாவே கேப்பேன்னு முன்னாடியே எங்ககிட்ட சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பதறிட்டார், கேட்டா அந்த எண்ணமே வந்துடாதான்னு. கேக்கறதால வராது, கேக்காம விட்டாதான் பிள்ளை தனியா சுமக்கும்னாங்க. நல்லவேளை அப்படி எதுவும் இல்ல. ஸ்கூல் வேன்ல மூணு பிள்ளைங்க நிறத்தை வெச்சு தினமும் கிண்டல், அதுதான் விஷயம். கிளாஸ் டீச்சரை வரச் சொல்லிப் பேசினாங்க, வேன் நிறுத்தி டவுன் பஸ்ல விட்டோம், முதல்ல பாதி நாள் அப்புறம் முழு நாள்னு படிப்படியா ஸ்கூலுக்கு அனுப்பினோம், மாத்திரை எதுவும் தேவைப்படல. தேவைப்பட்டா சைக்யாட்ரிஸ்ட்கிட்டதான் (மருந்து எழுதற மனநல டாக்டர்) அனுப்புவேன், நான் எழுதிக்குடுக்க முடியாதுன்னாங்க. இன்னும் முழுசா சரியாகல, ஆனா தம்பியோட கேரம் ஆடறப்ப சத்தம் தெருவுக்கே கேக்குது.

ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா, வெயிட்டிங் ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல வெறும் பிளைவுட்தான், உள்ள பேசறது அரைகுறையா வெளிய கேக்குது, இந்த மாதிரி இடத்துல அது பெரிய குறை, மேடம்கிட்டயே சொல்லிட்டேன். ஒரு சிட்டிங் 800 ரூபா, அடிக்கடி போகணும்னா கூலி வேலைக்குப் போறவங்களுக்கு கஷ்டம்தான், அவங்க அரசு ஆஸ்பத்திரிக்கே போங்க.

வேற எங்க போனாலும் கவுன்சிலர்னு போர்டு இருந்தா போதும்னு நம்பாதீங்க, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரிஜிஸ்டர் நம்பர் இருக்கும், கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. முதல் தடவை போறப்ப ஏற்கனவே எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், ரேங்க் கார்டு எல்லாம் எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா அப்பாவும் கூட வரட்டும். போன்லயே சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நேரம் கேட்டுக்கோங்க, அப்பதான் பிள்ளை லீவு போட வேண்டியிருக்காது, கிளாஸ்ல எங்க போனேன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்லிட்டும் நிக்க வேண்டாம்.