எழுதுகிறவருக்குப் பரிசா? தீர்ந்துபோகிற பொருளாகப் பார்த்து வாங்குங்கள்

விடுமுறைக் காலம் நெருங்கினால் போதும், "நம்ம ஆளு நல்லா எழுதுவாரு, அவருக்கு என்ன வாங்கித் தரலாம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கடைகளில் எழுத்தாளர்களுக்கான பரிசு என்று தனியாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் பாதிக்கு மேல் எழுதுவதற்கே உதவாதவை. இறகுப் பேனாவும் மைக்கூடும் வைத்த மரப்பெட்டி, வாசகம் அச்சடித்த கோப்பை, டைப்ரைட்டர் மாதிரி ஒரு பொம்மை. வாங்கிக்கொண்டவர் சிரித்து நன்றி சொல்லிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார், அதோடு முடிந்தது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கொடுத்த பொருள் அவர் கையில் தேய வேண்டும், கரைய வேண்டும், தீர வேண்டும். மை தீர்ந்தால், நோட்டு நிறைந்தால், பென்சில் விரல் நீளத்துக்குச் சுருங்கினால் அது நல்ல பரிசு. நானே பயன்படுத்துகிறவற்றையும், மற்றவர்களுக்குக் கொடுத்து அவர்கள் பயன்படுத்தப் பார்த்தவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இங்க் பேனா. இதுவரை இங்க் பேனாவே பிடிக்காதவருக்கு வாங்குவதென்றால் என் முதல் தேர்வு லாமி சஃபாரி. 1980-இல் வந்த ஜெர்மன் பேனா, இன்னும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் விற்கிறார்கள் என்பதே அதன் தரத்துக்குச் சாட்சி. பிளாஸ்டிக்தான், ஆனால் கீழே விழுந்தாலும் கவலைப்படத் தேவையில்லாத பிளாஸ்டிக். பக்கவாட்டில் சின்னதாக ஒரு திறப்பு இருக்கும், அதில் எவ்வளவு மை மிச்சம் என்று தெரியும். நிப்பை நேராக இழுத்தால் கழன்று வந்துவிடும், வேறு அளவு நிப்பை மாட்டிக்கொள்ளலாம். விரல் பிடிக்கும் இடம் முக்கோணமாகச் செதுக்கியிருக்கும். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி பேனா பிடிக்கிறவருக்கு இது சுகம். கட்டைவிரலை மேலே ஏற்றிப் பிடிக்கிறவர்களுக்கு அந்த விளிம்பு குத்தும், அவர்களுக்கு இது வேண்டாம். இன்னொன்று, பாட்டில் மை ஊற்றி எழுத கன்வர்ட்டர் (பேனாவுக்குள் மாட்டி மையை உறிஞ்சிக்கொள்ளும் சின்னக் குழல்) வேண்டும், பெரும்பாலும் அதைத் தனியாகத்தான் விற்கிறார்கள், லாமிக்கு லாமியின் கன்வர்ட்டர்தான் பொருந்தும். அதையும் சேர்த்து வாங்காவிட்டால் பரிசு பாதிதான்.

கொஞ்சம் கனமான பேனா பிடிக்கும் என்பவருக்கு பைலட் மெட்ரோபாலிட்டன். பித்தளை உடம்பு, பிடிக்குமிடம் வழவழப்பாக வட்டமாக இருக்கும், எப்படிப் பிடித்தாலும் குத்தாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவருக்கு கவேக்கோ ஸ்போர்ட்: மூடியிருந்தால் விரலளவுதான், மூடியைப் பின்னால் செருகினால் முழுநீளப் பேனா. அதில் மை அடைத்து வரும் குட்டை கார்ட்ரிட்ஜ்தான் போகும், சாதாரண நீளமான கன்வர்ட்டர் உள்ளே நுழையாது. தைவான்காரர்களின் டிவிஸ்பி ஈக்கோ கண்ணாடி மாதிரி தெரியும் பேனா, பின்பக்கத்தைத் திருகினால் பேனாவே மையை உறிஞ்சிக்கொள்ளும், கன்வர்ட்டரே தேவையில்லை. ஒருமுறை நிரப்பினால் ரொம்ப நாள் வரும். பக்கம் பக்கமாகக் கையால் எழுதித் தள்ளுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

நிப் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் அறிவுரை முக்கால்வாசி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொன்னது. மீடியம் நிப்பில் எழுதுவதுதான் வழுக்கிக்கொண்டு போகும், புதியவருக்கு அதையே கொடுங்கள் என்பார்கள். ஆங்கில எழுத்துக்குச் சரி. தமிழில் மூன்று சுழி ண-வையும் இரண்டு சுழி ன-வையும் சிறிய கையெழுத்தில் மீடியம் நிப்பால் எழுதிப் பாருங்கள், சுழிக்குள் மை நிரம்பி இரண்டுமே ஒரே மாதிரி கறுப்புப் பொட்டாகத் தெரியும். ணை, ஞ, ஜ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அதனால் தமிழில் எழுதுகிறவருக்கு ஃபைன் நிப் வாங்குங்கள், பொடிக் கையெழுத்துக்காரர் என்றால் எக்ஸ்ட்ரா ஃபைன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஜப்பான் பேனாக்களின் நிப் பொதுவாக ஐரோப்பிய நிப்பைவிட ஒரு படி மெல்லியது. பைலட் ஃபைனில் எழுதினால் லாமியின் எக்ஸ்ட்ரா ஃபைன் அளவுக்கு மெல்லிய கோடு விழும். சுழிகள் திறந்து, புள்ளி தனியாக, எழுத்து அத்தனை தெளிவாக இருக்கும்.

மை வாங்கப் போனால் ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தியன் இங்க் என்று ஓவியக் கடைகளில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் அரக்கு போன்ற பொருள் கலந்திருக்கும், பேனாவுக்குள் காய்ந்தால் அதோடு பேனா முடிந்தது. பாட்டிலில் 'ஃபவுண்டன் பேனாவுக்கு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மினுமினுக்கும் துகள் கலந்த மையும் வேண்டாம், துகள் அடியில் தங்கி அடைத்துக்கொள்ளும், வாழ்த்து அட்டை எழுத நன்றாக இருக்கும், தினமும் எழுத ஆகாது. பைலட்டின் 'இரோஷிசுகு' வரிசை மைகள் பரிசாகக் கொடுக்கவே செய்ததுபோல இருக்கும். 50 மில்லி கனத்த கண்ணாடிக் குப்பி, அடியில் ஒரு சின்னக் குழி, கடைசிச் சொட்டு வரை அந்தக் குழியில் வந்து சேரும்படி அமைத்திருக்கிறார்கள். நிறம் ஒவ்வொன்றும் அழகு. ஆனால் தண்ணீர் பட்டால் எழுதியது கரையும். டைரி எழுதுகிறவர், பல வருடம் கழித்தும் எழுத்து அழியாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் என்றால் ப்ளாட்டினம் கார்பன் பிளாக் மாதிரி நிறமித் துகள் மை நல்லது. காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. பேனாவை அடிக்கடி கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து நோட்டு, எல்லோரும் தடுமாறுகிற இடம். தோல் அட்டை, கயிறு கட்டி, கையால் செய்த சொரசொரப்பான தாள் என்று எனக்கும் ஒன்று பரிசாக வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. மைப்பேனாவை வைத்ததும் ஒவ்வொரு கோட்டுக்கும் வேர் முளைத்தது, பின்பக்கம் முழுக்க ஊறிவிட்டது, நடுவில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொண்டது. தடிமனான தாள் என்றால் நல்ல தாள் என்ற நினைப்பை விட்டுவிடலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். மை ஊறாமல் மேலேயே நிற்பது தாளுக்குச் சேர்க்கும் பசையைப் பொறுத்தது. டோமோஏ ரிவர் என்ற ஜப்பான் தாள் வெறும் 52 ஜிஎஸ்எம், வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும், ஆனால் மை ஊறாது. காய மட்டும் நேரம் எடுக்கும், பக்கத்தை அவசரமாகத் திருப்பினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். ஆரஞ்சு அட்டை ரோடியா 80 ஜிஎஸ்எம், நடுத்தரமாக எல்லாப் பேனாவுக்கும் ஒத்துப்போகும். கதைக்குக் குறிப்பெடுக்கிறவர், எதை எங்கே எழுதினோம் என்று தேடுகிறவர் என்றால் லாய்ச்துர்ம் நோட்டு பாருங்கள், பக்கத்துக்கு எண் போட்டு முன்னால் பொருளடக்கத்துக்கும் இடம் விட்டிருப்பார்கள்.

எது வாங்கினாலும் ஒரு பெரிய நோட்டுக்குப் பதில் மெல்லிய நோட்டு மூன்றாக வாங்குங்கள். விலை உயர்ந்த தடி நோட்டைத் திறந்ததும் முதல் பக்கத்தில் நல்லதாக எதையாவது எழுத வேண்டும் என்ற பயம் வந்துவிடும், பயந்து எடுத்து வைத்தது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மெல்லிய நோட்டில் அடித்துத் திருத்த, கிழித்துப் போட மனசு வரும்.

பென்சில்காரர்கள் தனி இனம். அவர்களுக்கு பிளாக்விங் 602. 1998-இல் நின்றுபோய், பென்சில் பிரியர்கள் பழையதைத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்து, 2010-இல் பிளாக்விங் மறுபடி வந்தது, அடுத்த வருடம் 602-உம் வந்தது. தட்டையான உலோகப் பிடிக்குள் அழிப்பான், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். அழுத்தாமலே கறுப்பாக விழும், அதனால் மணிக்கணக்கில் எழுதினாலும் கை வலிக்காது, ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும். கூடவே ஒரு நல்ல ஷார்ப்னர் வைத்துக் கொடுங்கள்.

கணினியில் எழுதுகிறவர்களுக்கு வாங்குவது சிரமம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரிவ்னர் என்ற எழுதும் மென்பொருள், நாவல், ஆய்வேடு மாதிரி பெரிய வேலை கையில் இருப்பவருக்கு மட்டும். ஒருமுறை காசு கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை, 30 நாள் இலவசமாகவும் பார்க்கலாம், அந்த 30 நாளும் திறந்து பயன்படுத்திய நாள்கள்தான் கணக்கு. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும், சின்னக் கட்டுரை எழுதுகிறவருக்கு அது சுமை. இணையத்தில் உலாவ வழியில்லாமல் எழுதுவதற்கு மட்டும் என்று வரும் ஃப்ரீரைட் கருவி ஆசையைக் கிளப்பும், விலையும் அப்படித்தான். தமிழில் எழுதுகிறவருக்கு என்றால் அதில் தமிழ் தட்டச்சு வருமா என்று உறுதிசெய்துகொள்ளாமல் வாங்கவே வேண்டாம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு நல்ல பரிசு. இரவில் வீடு தூங்கும்போது எழுதுகிறவர் என்றால் டிக் டிக் என்று சத்தம் போடும் நீல ஸ்விட்சைத் தவிர்த்துப் பழுப்போ சிவப்போ எடுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்து அடித்துச் சலித்தவருக்குத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கான எழுத்து ஒட்டிகள் வாங்கிக் கொடுக்கலாம். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம், பழகிவிட்டால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும்.

இதெல்லாவற்றையும்விட நான் அதிகம் மதிக்கிற பரிசு ஒன்று உண்டு, கடையில் கிடைக்காது. அவர் எழுதி முடித்து வைத்திருக்கும் கதையையோ கட்டுரைகளையோ அனுமதி கேட்டு வாங்கி, வரிக்கு வரி நிறைய இடம்விட்டு, ஓரத்தில் மூன்று விரல் அகலம் விட்டு, ஒற்றைப் பக்கமாக அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுங்கள், கூடவே ஒரு சிவப்புப் பேனா. திரையில் கண்ணுக்குப் படாத தவறெல்லாம் தாளில் எழுந்து நிற்கும். அதற்கு முன்னால் நீங்களும் முழுக்கப் படித்துவிடுங்கள். "அருமை" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எந்த இடத்தில் தள்ளிப் படித்தீர்கள் என்று தனித்தாளில் எழுதி உள்ளே செருகி வையுங்கள். எழுதுகிறவர் அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருப்பார்.

வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், அவர் எந்தக் கையால் எழுதுகிறார் என்று. இடக்கையால் எழுதுகிறவரின் கை, எழுதிய வரியின்மேலேயே தேய்த்துக்கொண்டு போகும். அவருக்கு டோமோஏ ரிவர் தாள் வேண்டாம், ஈரமாக ஓடும் மை வேண்டாம், பென்சிலிலும் கை கறுப்பாகும். சட்டென்று காயும் மையும், மெல்லிய நிப்பும், மையை ஓரளவு உறிஞ்சும் சாதாரணத் தாளும் கொடுங்கள். அதுவும் சந்தேகமாக இருந்தால் நல்ல ஜெல் பேனாவே போதும், அப்புறம் அதற்கான ரீஃபில் ஒரு கட்டு.