காசு கொடுத்து வாங்கிய பிளானும் உங்களுடையது ஆகிவிடாது

வீடு கட்டுவோரை ஏமாற்றும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். டிசைனரிடம் கட்டணம் கட்டி பிளான் வாங்குகிறார்கள். கட்டித் தர அவர் கேட்கும் தொகை கட்டுப்படியாகாததால் அதே பிளானை இன்னொரு பில்டரிடம் காட்டுகிறார்கள். "பத்து சதவீதம் மாற்றிவிட்டால் அது புது பிளான், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அவர். சுவர் லிண்டல் மட்டத்துக்கு (கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு வரை) எழும்பும்போது, பிளானின் பதிப்புரிமையை மீறிவிட்டதாக டிசைனரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது. "பிளானைக் கொண்டுவந்தது வீட்டுக்காரர்தானே" என்று பில்டர் கைகழுவிவிடுகிறார்.

அந்தப் பத்து சதவீதக் கணக்கை நம்பவே நம்பாதீர்கள். இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எங்குமே சட்டத்தில் அப்படி ஓர் அளவு கிடையாது. எவ்வளவு மாறியது என்று நீதிமன்றம் அளப்பதில்லை. எடுக்கப்பட்ட பகுதி முக்கியமானதா என்றே பார்க்கும். பிளானை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாலும், சமையலறையை ஓரடி நீட்டினாலும், ஜன்னல் அளவை மாற்றினாலும், அறைகளின் அடுக்கும் படிக்கட்டின் இடமும் நடைவழியின் ஓட்டமும் அப்படியே இருந்தால் வழக்குக்கு அதுவே போதும்.

கட்டணம் கட்டினால் உங்களுக்குக் கிடைப்பது, பொதுவாக அந்த மனையில் ஒருமுறை கட்டிக்கொள்ளும் அனுமதிதான். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பிளானின் முதல் உரிமையாளர் அதை வரைந்தவர்; சம்பளத்துக்கு வரைந்திருந்தால் அவருடைய நிறுவனம். உரிமையை மாற்றித் தர வேண்டுமென்றால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்குத்தான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பில்டர் "பிளான் என்னுடையது" என்பார், உண்மையில் அதை வரைந்தவர் வெளியிலிருந்து வேலை செய்யும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன். அவரிடம் பில்டர் எழுதி வாங்கவில்லை என்றால் உங்களுக்குத் தர பில்டரிடம் எதுவுமே இல்லை. ஒரு வீட்டுக்கு வாங்கிய பிளானை வரிசையாகப் பல மனைகளில் கட்டி விற்கும் டெவலப்பரும் இதே குழியில்தான் விழுகிறார்.

"கட்டத் தொடங்கிவிட்டால் யாரும் நிறுத்த முடியாது" என்றும் சொல்வார்கள். இது பாதி உண்மை. அந்த இந்தியச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, தொடங்கிய கட்டுமானத்தைத் தடுக்கவோ இடிக்கவோ உத்தரவு பெற முடியாது. ஆனால் இழப்பீடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. எல்லா நாடுகளிலும் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள். கட்டி முடித்த வீட்டின் வெளித்தோற்றத்தில் சில அம்சங்களை மாற்றச் சொல்லி 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில நீதிமன்றம் உத்தரவிட்டது. அமெரிக்காவில் மீறலுக்கு முன்பே பதிவான படைப்பை வேண்டுமென்றே நகலெடுத்தால், சட்டம் வகுத்த இழப்பீடே ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை போகலாம்.

அதற்காக, நோட்டீஸ் வந்ததுமே பயந்து பணத்தைக் கொடுத்துவிடவும் வேண்டாம். கதவு, ஜன்னல் போன்ற வழக்கமான உறுப்புகளுக்குத் தனி உரிமை இல்லை. நான்கு படுக்கையறை வீடுகள் இரண்டு மேலோட்டமாக ஒத்திருந்தும் மீறல் இல்லை என்று 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. எந்தத் தாள், எந்தத் தேதி, எந்தப் பகுதி என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு பிளானையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தேதியிட்ட கைவரைவுகளும் மின்னஞ்சல்களும்தான் நீங்கள் தனியாக உருவாக்கியதற்குச் சாட்சி, எதையும் அழிக்காதீர்கள்.

பில்டர் தரும் தாளில் டைட்டில் பிளாக் (வரைந்தவர் பெயரும் தேதியும் இருக்கும் கட்டம்) வெட்டப்பட்டிருக்கிறதா, கணினியில் பிளான் வரைந்த கேட் (CAD) கோப்பின் லேயர்களில் வேறொரு திட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்தவர் விளம்பரத் தாளைக் காட்டி "இதுபோல" என்று கேட்கவும் கூடாது. மனை அளவு, அறைகளின் எண்ணிக்கை, தேவையான பரப்பு இவற்றை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் விடக்கூடாதவை: எந்த மனை, எத்தனை வீடு, வேறொருவர் திருத்தலாமா, நடுவில் பிரிந்தால், அதுவரையான கட்டணத்தைத் தீர்த்தபின் பிளானைப் பயன்படுத்தலாமா, கேட் கோப்பு கிடைக்குமா. பில்டர் பிளான் கொண்டுவந்தால், அது தன் சொந்தப் படைப்பு என்றும், வழக்கு வந்தால் செலவும் இழப்பீடும் தன் பொறுப்பு என்றும் அவர் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் அந்தப் பிளானைத் தொடாதீர்கள்.