விடியற்காலைத் தனி வாசிப்பா, வீட்டுக்கூட்டமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்க இரண்டு வழி உண்டு: விடியுமுன் தனியாக வேதம் வாசிப்பது, இல்லையென்றால் வாரம் ஒரு இரவு யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிக்கும் வீட்டுக்கூட்டம்.

தனி வாசிப்புக்குக் கணக்கு எளிது. புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு படித்தால் ஒரு வருடத்தில் முடியும். ஆனால் பால்மரம் வெட்டுகிறவர் இருட்டோடு கிளம்பவேண்டும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். பலிமுறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம் வந்ததும் பலர் நின்றுவிடுவார்கள். ஏன் என்று கேட்க ஆளில்லையே!

கூட்டத்தில் கேட்க ஆளிருக்கிறது. மெதடிஸ்ட் சபையின் வகுப்புக் கூட்டமே கடன் விவகாரத்தில் பிறந்ததுதான். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வாரம் ஒரு பென்னி வசூலித்தார். அப்படிப் போனபோது அவரவர் நடத்தையும் தெரியவந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதையே மேய்ப்புப் பணியாக்கினார். இங்கும் இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது மோட்டாரில் வாசலுக்கு வந்துவிடுவார். தொல்லைதான், ஆனால் பலன் தரும் தொல்லை. ஜெபத்தைவிட மீ கோரெங்கும் (வறுத்த நூடுல்ஸ்) ஊர்க்கதையும் நீளும் இரவுகளும் உண்டு, அது வேறு.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் கூட்டத்தையே சொல்வேன். செம்பனை ஆலையில் ஷிப்ட் மாறிமாறி வருகிறவருக்கு மட்டும் தனி வாசிப்பு. நாளுக்கு ஒரே அதிகாரம் போதும், மூன்றேகால் வருடத்தில் முடித்துவிடலாம்.